பழைய ஸ்டீரியோ ரிசீவர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பழுது தேடுவது

நான் முதலில் வாங்கிய ரிசீவரில் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக இருக்கும் பெட்டி) விளக்கெல்லாம் எரிந்தது, ரேடியோ முள் ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை. இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போயிருக்கும் என்று முடிவுகட்டிப் புதிதாக நாலு வாங்கியும் வைத்துவிட்டேன். கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று பவர் போட்டேன். அப்போது கை பட்டு முன்பக்கத்தில் அமுங்கிக் கிடந்த ஒரு பட்டன் வெளியே வந்தது. டேப் மானிட்டர். பெட்டி பாடத் தொடங்கியது. அந்த நாலு ட்ரான்சிஸ்டரும் உறை பிரிக்காமல் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அப்புறம் 1970களைச் சேர்ந்த ரிசீவர்கள் பல என் மேசைக்கு வந்து போயின. சில என்னுடையவை, மற்றவை நண்பர்களுடையவை. கம்பெனி மாறும், மாடல் மாறும், ஆனால் வியாதிகள் அதே ஏழெட்டுதான். அவற்றில் பாதிக்கு மேல் அழுக்கும் களிம்பும் இடம் மாறிய சுவிட்சும்தான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், கையைக் கடிப்பதைக் கடைசியில். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

## மூடியைத் தொடுவதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; அணைத்த பிறகும் சுவிட்ச் வரைக்கும் மின்சாரம் வந்து நிற்கும்.

உள்ளே இரண்டு பெரிய கண்டென்சர்கள் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். பெரிய மாடல்களில் ஒவ்வொன்றிலும் 50 வோல்ட்டைத் தாண்டும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் படார் என்று வெடிக்கவிடுவதைச் சிலர் வீரம் என்று நினைக்கிறார்கள். அது கண்டென்சருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிடப்பட்ட கிளிப் ஒயரில் மாட்டி, கண்டென்சரின் இரு முனைகளிலும் ஒரு நிமிடம் வையுங்கள். மல்டிமீட்டர் 1 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகு கை வைக்கலாம்.

பின்பக்கத்தில் எந்த வோல்டேஜ் எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தது 120 வோல்ட். அதை 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்காது. சில மாடல்களில் பின்னால் வோல்டேஜ் மாற்றும் திருகோ செருகியோ இருக்கும். இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி.

பல வருடம் மூலையில் கிடந்த பெட்டி என்றால் நேராகப் பவர் கொடுக்க வேண்டாம். 60 வாட் குண்டு பல்ப் ஒன்றை ரிசீவரோடு சீரிஸில் (மின்சாரம் பல்ப் வழியாகவே ரிசீவருக்குப் போகும்படி) போட்டு, ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், வால்யூமைச் சுழியில் வைத்துப் பவர் கொடுங்கள். எல்இடி பல்ப் இதற்கு உதவாது, இழை பல்ப்தான் வேண்டும். பெரிய ரிசீவருக்கு 100 வாட் பல்ப். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் நல்ல சகுனம். பளிச்சென்றே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட்; உடனே அணைத்துவிடுங்கள். இந்த பல்ப் இல்லாமல் போட்டிருந்தால் வெந்திருக்கக்கூடிய பாகங்களைக் காப்பாற்றிய பெருமை அதற்குத்தான். மெயின்ஸ் ஒயரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த பல்ப் இணைப்பை ஒரு பலகையில் அமைத்து ஓர் எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: உயிரே இல்லை, ஒரு விளக்கும் எரியவில்லை

சுவர் பிளக்கில் வேறொன்றை மாட்டிப் பாருங்கள். ரிசீவரின் பவர் ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி அறுந்திருக்கலாம். அந்த இடத்தில் ரப்பர் வெடித்திருந்தால் ஒயரையே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள், கழற்றி மீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள். மூடி முனைக்குள் இழை அறுந்த ஃபியூஸ் பார்வைக்கு முழுசாகவே இருக்கும்.

### ஃபியூஸ் போயிருக்கிறது

கண்ணாடி தெளிவாக இருந்து, இழை மட்டும் நடுவில் அறுந்திருந்தால் வயதானதாகவோ ஒருமுறை மின்சாரம் எகிறியதாகவோ இருக்கலாம். அதே ஆம்பியர், அதே வகை (மெதுவாக உருகும் வகை என்றால் அதுவே) போட்டு, சீரிஸ் பல்ப் வழியாகப் பவர் கொடுங்கள். கண்ணாடி கறுத்தோ வெள்ளிப் பூச்சு படிந்தோ இருந்தால் பெரிய மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. புது ஃபியூஸ் போடும் முன் காரணத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது ஃபியூஸும் போனால் மூன்றாவது வாங்காதீர்கள். ரெக்டிஃபையர் (மாறுமின்சாரத்தை ஒரே திசையில் பாயும் டிசி மின்சாரமாக மாற்றும் பாகம்) அல்லது அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். டெக்னீஷியனிடம் கொடுக்கும் கட்டம் இது. ஃபியூஸுக்குப் பதில் வெள்ளித்தாள் சுற்றிய ஒரு ரிசீவரை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஃபியூஸ் போகவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தது.

### ஃபியூஸ் நன்றாக இருக்கிறது

பிளக் பிடுங்கிய நிலையில், பவர் சுவிட்சை ஆனில் வைத்து, பிளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே ஓம் பாருங்கள். சில ஓம் காட்டினால் சுவிட்சும் டிரான்ஸ்ஃபார்மரின் மின்சாரப் பக்கமும் உயிரோடு இருக்கின்றன; உள்ளே இருக்கும் மற்ற ஃபியூஸ்களைப் பாருங்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் முதல் சந்தேகம் சுவிட்ச். அதற்கு அடுத்ததுதான் டிரான்ஸ்ஃபார்மர். அது அறுந்திருந்தால் மறுபடி சுற்ற வேண்டும், அல்லது அதே மாடலின் செத்த பெட்டி ஒன்றைத் தேட வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் பழுதுகளில் மிக அதிகச் செலவு வைப்பது இதுதான்.

## அறிகுறி 2: விளக்கு எரிகிறது, இரண்டு பக்கமும் சத்தம் இல்லை

பவர் போட்டதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சில நொடிகள் கழித்து உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதா? அது ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஸ்பீக்கருக்குச் சத்தத்தை இணைக்கும், பழுது என்றால் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச். வழக்கமாக 3 முதல் 8 நொடிக்குள் வரும். பழைய, சின்ன மாடல்கள் சிலவற்றில் ரிலேயே இருக்காது.

### டிக் கேட்கிறது, அல்லது ரிலே இல்லாத மாடல்

மூடியைத் திறக்காதீர்கள். முன்பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

டேப் மானிட்டர் எதுவும் உள்ளே அமுங்கியிருக்கக் கூடாது. இரண்டு இருந்தால் இரண்டும். அமுங்கியிருந்தால் ரிசீவர் டேப் டெக்கிலிருந்து சத்தம் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். அங்கே டெக்கே இருக்காது.

ஸ்பீக்கர் செலக்டர் சரியான இடத்தில் இருக்கிறதா? உங்கள் ஸ்பீக்கர் 'ஏ'யில் மாட்டியிருந்தால் 'ஏ'யிலேயே வையுங்கள். சில மாடல்களில் 'ஏ+பி' நிலையில் இரண்டு ஜோடிகளும் சீரிஸில் சேரும். 'பி'யில் ஒன்றும் மாட்டாவிட்டால் 'ஏ'யும் ஊமையாகிவிடும். இதில் நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

பின்பக்கத்தில் 'ப்ரீ அவுட்' (முன்பாதியிலிருந்து சிக்னல் வெளியே வரும் துளை), 'மெயின் இன்' (அது பவர் ஆம்ப்ளிஃபையருக்குள் போகும் துளை) என்று துளைகள் இருந்து, அவற்றை இணைக்கும் சின்ன உலோகக் கிளிப்புகள் காணாமல் போயிருந்தால் சத்தம் வராது. கிளிப் இருந்தும் கறுத்துப் போயிருந்தால் கழற்றித் துடைத்துப் போடுங்கள். கிளிப் இல்லையென்றால் சின்ன ஆர்சிஏ ஒயர் (ஆடியோ கருவிகளை இணைக்கும் வழக்கமான ஒயர்) ஒரு ஜோடி போதும்.

எல்லாம் சரியென்றால் ஹெட்ஃபோன் மாட்டுங்கள். அதில் சத்தம் வந்தால் ஆம்ப்ளிஃபையர் பிழைத்திருக்கிறது. குற்றவாளி ஸ்பீக்கர் சுவிட்ச், ஸ்பீக்கர் ஒயர் அல்லது ரிலே. ஹெட்ஃபோனிலும் வராவிட்டால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் பல மாடல்களில் ஹெட்ஃபோனும் அதே ரிலே வழியாகத்தான் போகிறது.

### டிக் கேட்கவில்லை

அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மறுபடி போடுங்கள். இப்போது டிக் வந்தால் ஸ்பீக்கர் ஒயரில் ஷார்ட். முனையில் பிரிந்த ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். முறுக்கிச் செருகினால் சரியாகிவிடும்.

அப்போதும் வராவிட்டால் ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவுட்புட்டில் டிசி மின்சாரம் வந்து நிற்கலாம், அதை ஸ்பீக்கருக்கு விடாமல் அது தடுக்கிறது. அல்லது பாதுகாப்புச் சுற்றின் சின்னக் கண்டென்சர்களும் ட்ரான்சிஸ்டரும் வயதாகிச் சோர்ந்திருக்கலாம். இரண்டில் எது என்று பிரிப்பதற்கு சர்வீஸ் மேனுவலும், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே அளந்த பழக்கமும் வேண்டும். இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ரிலேயைக் குறுக்கே ஷார்ட் செய்து ஓட்டிப் பார் என்று யாராவது யோசனை சொன்னால், முதலில் அவருடைய ஸ்பீக்கரை மாட்டச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது

இதுதான் அடிக்கடி வருவது, தேடிப் பிடிக்கச் சுலபமானதும் இதுதான். நல்ல பக்கம் ஒன்று கையில் இருக்கும்போது அதை வைத்தே கெட்ட பக்கத்தை விசாரிக்கலாம். பேலன்ஸ் திருகு நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மாற்றி மாட்டத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். இடப்பக்கம் ஊமை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ரிசீவரின் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றுங்கள். ஊமை வலது ஸ்பீக்கருக்கு நகர்ந்துவிட்டால் ரிசீவரில்தான் பழுது. அதே இடது ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோதான், ரிசீவரை விட்டுவிடுங்கள்.

ரிசீவர்தான் என்றால், ஸ்பீக்கர் ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டு, உள்ளே வரும் ஆர்சிஏ ஒயர்களை இடம் மாற்றுங்கள். ஊமை பக்கம் மாறினால் கோளாறு ஒயரிலோ பாட்டு வரும் கருவியிலோ. மாறாவிட்டால் வேறொரு இன்புட்டிலும் எஃப்எம்மிலும் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு இன்புட்டில் மட்டும் ஊமை என்றால் செலக்டர் சுவிட்சில் களிம்பு, அல்லது அந்தத் துளையின் சால்டர் விட்டிருக்கிறது.

ப்ரீ அவுட், மெயின் இன் உள்ள மாடல் என்றால் அதிர்ஷ்டம். கிளிப்புகளை எடுத்துவிட்டு, இடது ப்ரீ அவுட்டை வலது மெயின் இன்னுக்கும் வலதை இடதுக்கும் குறுக்காக ஒயர் போடுங்கள். ஊமை பக்கம் மாறினால் பழுது முன்பாதியில்: வால்யூம், டோன், சுவிட்சுகள் இருக்கும் பகுதி. மாறாவிட்டால் பவர் ஆம்ப்ளிஃபையர், ரிலே, ஸ்பீக்கர் சுவிட்ச். மூடியைத் திறக்காமலேயே பாதிப் பெட்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று.

### வால்யூமை ஏற்றினால் திரும்பி வருகிறது

மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் இல்லை, அல்லது கரகரவென்று மெலிந்து வருகிறது. வால்யூமைச் சட்டென்று ஏற்றினால் 'பட்' என்று வந்துவிடுகிறது, மறுநாள் மறுபடி இல்லை. கிட்டத்தட்ட எப்போதும் ரிலே முனை அல்லது ஸ்பீக்கர் சுவிட்ச்தான். பூட்டி வைத்த வெள்ளிப் பாத்திரம் கறுப்பது போலத்தான் இந்த முனைகளும் கறுக்கின்றன. சின்ன சிக்னலால் அந்தக் கறுப்பைத் தாண்ட முடியாது, பெரிய சிக்னல் உடைத்துக்கொண்டு வரும்.

ஸ்பீக்கர் சுவிட்சை முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். சத்தம் வந்து போய் ஆடினால் சுவிட்ச். கான்டாக்ட் கிளீனர் போதும். ஆடாவிட்டால் பெட்டியைத் திறந்து ரிலேயைப் பாருங்கள். மூடி கழற்ற முடிகிற ரிலே என்றால், தடித்த வெள்ளைத் தாளில் மெல்லிய பட்டை வெட்டி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு இடையில் விட்டு, விரலால் லேசாக அழுத்தியபடி இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் போகும் வரை தாளை மாற்றி மாற்றி இழுக்கலாம். உப்புத்தாள் வேண்டாம், முனையின் மேல் பூச்சைச் சுரண்டிவிடும், ஆறு மாதத்தில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். முனையில் பள்ளம் விழுந்திருந்தால் புது ரிலேதான். ரிலேயின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயிலின் வோல்டேஜ் (பெரும்பாலும் 24 வோல்ட், ஆனால் பழைய ரிலேயின் மேல் எழுதியிருப்பதுதான் கணக்கு), காயில் ஓம், கால்கள் அமைந்த விதம் மூன்றும் பொருந்த வேண்டும். விலை குறைவான பாகம்தான். சால்டரிங் பழகியவர் தாமே மாற்றலாம்.

### தட்டினால் வருகிறது

மூடியில் தட்டினால் சத்தம் வந்து போகிறதென்றால் சால்டர் விட்டுப்போன இடம் ஒன்று இருக்கிறது. சூடாகும் பாகங்களின் கால்களையும் கனமான சாக்கெட்டுகளின் கால்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய வளையம் போல வெடிப்பு தெரிந்தால் பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும்.

### எதற்கும் அசையவில்லை

சேனல் முழுதாகச் செத்திருக்கிறது. ட்ரான்சிஸ்டரோ, எஸ்டிகே என்று தொடங்கும் ஆம்ப்ளிஃபையர் ஐசியோ போயிருக்கலாம். எஸ்டிகே ஐசி என்றால் ஒரு எச்சரிக்கை: சந்தையில் போலி மிக அதிகம். எண்ணெல்லாம் அச்சு அசலாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் புகையும். இதை டெக்னீஷியன் மூலம் வாங்குவதே நல்லது.

## அறிகுறி 4: திருகைத் தொட்டால் கரகரப்பு

பெரும்பாலும் தூசியும் களிம்பும்தான், முதலில் வேறு யோசனை வேண்டாம். பவரை அணைத்து, திருகை முப்பது நாற்பது தடவை முழுச் சுற்றாகத் திருப்புங்கள். லேசான கேஸ் இதிலேயே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் மூடியைத் திறந்து, வால்யூம் பாட்டின் (திருகின் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) உடலில் இருக்கும் சின்ன இடுக்கு வழியாகக் கான்டாக்ட் கிளீனர் விடுங்கள். முன்னால் இருக்கும் தண்டில் அடித்தால் உள்ளே போகாது. தண்டின் கிரீஸ் கரைந்து திருகு லொடலொடவென்று ஆகிவிடும், அவ்வளவுதான். அரை நொடி அடித்தால் போதும், பிறகு திருப்புங்கள், பிறகு இன்னொரு அரை நொடி. மின்சார வேலைக்கென்றே விற்கும், பிளாஸ்டிக்கைத் தின்னாத கிளீனராக இருக்க வேண்டும். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை வால்யூமில் அடித்த பெட்டி ஒன்று என்னிடம் வந்தது. ஒரு மாதம் பட்டுப்போல ஓடியதாம். பிறகு எண்ணெயில் தூசி ஒட்டிக் களியாகி, பாட்டைக் கழற்றிப் பிரித்துக் கழுவ வேண்டியதாயிற்று.

ரேடியோ டியூனிங் தகடுகள் மேலும், அதைச் சுழற்றும் நூல் மேலும் கிளீனர் படக் கூடாது. தகடுகளின் நடுத்தண்டு பூமி இணைப்பில் மட்டும் துளி விடலாம். சுவிட்சுகளுக்கும் இதே வைத்தியம்: டேப் மானிட்டர், மோடு, லவுட்னஸ், செலக்டர், ஒன்றையும் விடாதீர்கள். ஒருமுறை திறந்தால் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது.

கிளீனர் அடித்து முழுதாகக் காய்ந்த பிறகும் (நான் ஓர் இரவு விடுவேன்) வால்யூம் திருகு மட்டும் கரகரத்தால், அதன் வழியாக டிசி கசிகிறது. அதன் பக்கத்தில் இருக்கும் கப்ளிங் கண்டென்சர் (டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடுவது) கசிகிறது என்று பொருள்.

## அறிகுறி 5: எதையும் தொடாமலே பொரிகிறது

எண்ணெயில் கடுகு வெடிப்பது போல, அல்லது காற்று வீசுவது போல ஒரு பக்கத்தில் தானாக வரும் சத்தம். வால்யூமைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் நின்றால் பழுது வால்யூமுக்கு முன்னால். நிற்காவிட்டால் பின்னால், அதாவது பெரும்பாலும் பவர் ஆம்ப்ளிஃபையரின் முதல் கட்டம்.

இதற்குப் பேர்போனவர்கள் சில சின்ன ட்ரான்சிஸ்டர்கள்: 2எஸ்சி458, 2எஸ்ஏ726. இந்த எண்களைக் கண்டால், குறிப்பாகக் கால்கள் கறுத்திருந்தால், நான் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவேன், இரண்டு சேனலிலும். மாற்றுப் பாகத்தின் கால் வரிசை வேறாக இருக்கலாம். தரவுத்தாளைப் பார்க்காமல் செருகினால் சின்னப் பழுது பெரியதாகும்.

கண்டென்சர்களைச் சுற்றிப் பழுப்பாகக் காய்ந்த பசை தெரிகிறதா? போடும்போது வெளிறி இருந்தது, வயதானதும் பழுப்பேறி, மின்சாரத்தைக் கசியவிடும், பாகங்களின் கால்களையும் அரிக்கும். மரக்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள்.

## அறிகுறி 6: ம்ம்ம் என்று ஹம்

எந்த இன்புட்டில்?

### ரெக்கார்ட் பிளேயரில் மட்டும்

பிளேயரிலிருந்து வரும் தனிப் பூமி ஒயர், ரிசீவரின் பின்னால் இருக்கும் 'கிரவுண்ட்' திருகில் இருக்கிறதா? முக்கால்வாசி கேஸ் இங்கே முடிந்துவிடும். இருந்தால், பிளேயரை ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து நகர்த்திப் பாருங்கள். கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நாலு சின்ன ஒயர்களில் ஒன்று கழன்றிருந்தாலும் ஹம் வரும்.

பக்கத்து வீட்டுக் கேள்வி ஒன்று: ரெக்கார்ட் பிளேயர் மிக மெல்லிய, கீச்சென்ற சத்தம் தருகிறதென்றால் அதை ஃபோனோவில் (ரெக்கார்ட் பிளேயருக்கான இன்புட்) மாட்டாமல் ஆக்ஸில் (மற்ற கருவிகளுக்கான இன்புட்) மாட்டியிருக்கிறீர்கள். மாறாக, சிடி பிளேயரை ஆக்ஸில் மாட்டி, வால்யூம் கொஞ்சம் திருப்பியதுமே காது கிழிகிறதென்றால் பழுதே இல்லை. அந்தக் கால ஆக்ஸ் இன்புட்டுக்கு 150 மில்லிவோல்ட் போதும், சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தள்ளும்.

### எல்லா இன்புட்டிலும், வால்யூமுக்கேற்பக் கூடிக் குறைகிறது

பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. எல்லா ஒயரையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். கம்ப்யூட்டரோ டிவியோ மாட்டியதும் தொடங்கினால் பூமி வளையம் (கருவிகளின் பூமி இணைப்புகள் ஒயர் வழியாகச் சேர்ந்து ஒரு சுற்றாவது). கேபிள் டிவி, ஆன்டெனா ஒயர் வழியாகவும் வரும். இதற்காக மூன்று முனை பிளக்கின் பூமி முனையை ஒடிப்பது தற்கொலை முயற்சி. ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

### வால்யூம் சுழியிலும் அதே ஹம்

இரண்டு பக்கமும் ஒரே அளவு என்றால் பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர்களுக்கு வயதாகிவிட்டது. மேல்மூடி உப்பியிருக்கலாம், அடியில் கசிந்திருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். மாற்றுவதற்கு முன் அடியில் இருக்கும் திருகுகளையும் சால்டரையும் பாருங்கள்; தளர்ந்த பூமித் திருகே ஹம் தரும். புதிதாகப் போடும் கண்டென்சரின் வோல்டேஜ் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. கொள்ளளவை இரண்டு மடங்காக்கும் ஆசை வேண்டாம், பவர் போடும் கணத்தில் ரெக்டிஃபையருக்குத்தான் அடி விழும். துருவம் மாறினால் வெடிக்கும். சால்டரிங் கை பழகாதவர்கள் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பலமாக ஹம் என்றால் உடனே அணையுங்கள். அது ஹம்மே அல்ல, அந்தச் சேனல் அவுட்புட்டில் டிசி நிற்கிறதாக இருக்கலாம்.

## நல்ல ஸ்பீக்கரை மாட்டும் முன் ஓர் அளவு

புதிதாகக் கைக்கு வந்த எந்த ரிசீவருக்கும் இதைச் செய்யாமல் நான் ஸ்பீக்கர் மாட்டுவதில்லை. ஸ்பீக்கர் இல்லாமல், வால்யூம் சுழியில் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ரிலே டிக் அடித்திருக்க வேண்டும். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளங்கள், இரண்டு சேனலும். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் எந்த ஸ்பீக்கரையும் மாட்டாதீர்கள்.

உள்ளே இருக்கும் குட்டித் திருகுகளைத் திருப்பினால் சரியாகும் என்று தோன்றும். எந்தத் திருகு ஆஃப்செட் (அவுட்புட்டில் நிற்கும் டிசி), எது பயாஸ் (சும்மா இருக்கும்போது அவுட்புட் ட்ரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம்) என்று மேனுவல் இல்லாமல் தெரியாது. பயாஸைத் தவறாக ஏற்றினால் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

## அறிகுறி 7: ரேடியோ மட்டும் சரியில்லை

ஆன்டெனா இல்லாமல் குறை சொல்லாதீர்கள். 300 ஓம் தட்டை ஒயரில் செய்த, கை விரித்தால் சுமார் 1.5 மீட்டர் அகலம் வரும் டி வடிவ ஆன்டெனாவைச் சுவரில் விரித்து மாட்டிப் பாருங்கள். ஸ்டீரியோ விளக்கு எரியாமல் இருப்பதற்கு மெலிந்த சிக்னலும், 'மோனோ'வில் கிடக்கும் சுவிட்சும்தான் முதல் காரணங்கள்.

டயலில் எண்கள் 76இல் தொடங்கி 90இல் முடிகின்றனவா? ஜப்பானுக்காகச் செய்த பெட்டி. உங்கள் நிலையங்கள் 90க்கு மேல் இருந்தால் அவை கிடைக்காது.

ஏஎம்மில் இரைச்சல் என்றால் பக்கத்து எல்இடி விளக்குகளையும் ஃபோன் சார்ஜர்களையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

திருகு சுற்றுகிறது, முள் நகரவில்லை என்றால் டயல் நூல் வழுக்குகிறது அல்லது அறுந்திருக்கிறது. கழற்றும் முன் நூல் எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று என்று எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். நூல் மாற்றுவது யாராலும் முடியும், ஆனால் மூன்றாவது முயற்சியில்தான் முடியும்.

நிலையம் முள்ளில் ஒன்று, காதில் ஒன்று என்று தள்ளி வந்தாலோ ஸ்டீரியோ பிரியாமல் இருந்தாலோ அலைன்மென்ட் (ரேடியோ சுற்றுகளை அளந்து சரியாக அமைப்பது) வேண்டும். காயில்களைக் காதை நம்பித் திருகாதீர்கள். சிக்னல் ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

## அறிகுறி 8: டயல் விளக்கு எரியவில்லை

பெரும்பாலும் 6.3 அல்லது 8 வோல்ட், ஃபியூஸ் வடிவ பல்புகள். அதே வோல்ட், அதே மில்லி ஆம்பியர் போடுங்கள்; கூடுதல் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டால் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் உருகும். ஒரு பல்ப் போனால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். டயல் கண்ணாடியின் உட்புறத்தை மட்டும் எதைக்கொண்டும் துடைக்க வேண்டாம். எழுத்துகள் அங்கேதான் அச்சாகியிருக்கும், ஆல்கஹாலோ கண்ணாடி துடைக்கும் திரவமோ பட்டால் எண்களெல்லாம் துணியோடு வந்துவிடும். நான் 104ஐயும் 106ஐயும் அப்படித்தான் இழந்தேன்.

## அறிகுறி 9: சத்தமாக வைத்தால் அணைந்துவிடுகிறது, அதிகச் சூடு, வாடை

சத்தம் ஏற்றும்போது மட்டும் ரிலே விழுந்து சத்தத்தைத் துண்டித்தால் ஸ்பீக்கரின் ஓம் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு ஜோடியை 'ஏ+பி'யில் போட்டால் பல மாடல்களில் மொத்தம் 2 ஓமாக இறங்கும். அதைத் தாங்க இவற்றைச் செய்யவில்லை. பிறகு காற்றோட்டம்: மேல்மூடித் துளைகளின் மேல் எதையும் அடுக்கக் கூடாது.

ஒன்றும் பாடாமல் சும்மா இருக்கும்போதே ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளில்) கை வைக்க முடியாத சூடு என்றால், அல்லது ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் கொதிப்பாகவும் இருந்தால் பயாஸ் தவறியிருக்கிறது. அணைத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

கருகிய வாடை, மீன் வாடை, புகை, எதுவாக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்குவதுதான் முதல் வேலை. பவர் சுவிட்சின் குறுக்கே இருக்கும் பொறி தணிக்கும் கண்டென்சர் வயதாகி வெடித்தாலும் பெரும்புகை வரும். அது தனியே போயிருந்தால் மலிவான பழுது, ஆனால் எக்ஸ்2 வகைதான் (மெயின்ஸ் மின்சாரத்துக்கென்றே செய்த கண்டென்சர்) போட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கமிருந்து வாடை என்றால் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம்.

## டெக்னீஷியனிடம் கொண்டுபோகும்போது

தூக்குவதற்கு ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். பயோனியர் எஸ்எக்ஸ்-1980 மாதிரிப் பெட்டிகள் 35 கிலோ இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கனமாகச் சாயும்.

'ஓடவில்லை' என்று மட்டும் சொல்லாமல், மேலே செய்த சோதனைகளின் முடிவைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: 'இடது ஊமை, ஸ்பீக்கர் ஒயர் மாற்றினால் ஊமை வலது ஸ்பீக்கருக்குப் போகிறது, மெயின் இன் மாற்றியும் இடதுதான், டிசி 20 மில்லிவோல்ட், டிக் வருகிறது.' அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதையும் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். பழுதைக் கண்டுபிடிக்காமலே பெட்டியில் உள்ள கண்டென்சர் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றலாம் என்பவரிடம் நான் கொடுப்பதில்லை. நூறு இடத்தில் சால்டர் வைத்தால் புதிதாக ஒரு தவறு நுழைய நூறு வாய்ப்பு, பழைய பழுதும் அப்படியே இருக்கும்.

திரும்பி வந்ததும் சீரிஸ் பல்ப், டிசி அளவு, பிறகு வீட்டிலேயே மட்டமான ஸ்பீக்கரை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். மாற்றிய பாகம், தேதி, அளந்த மில்லிவோல்ட் மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேல்மூடியின் உட்புறம், காற்றுத் துளைகளை மறைக்காத இடத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது முதலில் படிப்பது அதுவாகத்தான் இருக்கும்.